குறிப்பு வரும் முகவரிக்குக் குப்பையும் வருகிறது: என்ன செய்யலாம்?

வெள்ளவத்தையில் திருமண சேவை நடத்தும் ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: “எங்கள் மின்னஞ்சல் முகவரி ஆறு வருடமாக எங்கள் இணையத்தளத்திலும் ஞாயிறு பத்திரிகை விளம்பரங்களிலும் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது குப்பை அஞ்சலாவது வருகிறது. முகவரியை எடுத்துவிடவும் முடியாது, வெளிநாட்டுப் பெற்றோர் அதற்குத்தான் எழுதுகிறார்கள். போன மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒரு தாயார் அனுப்பிய மகனுடைய சாதகக் குறிப்பு குப்பைக்குள் போய்விட்டது. அவர் தொலைபேசியில் அழைத்து மனம் வருந்திக் கதைத்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முகவரியை எப்படி மறைப்பது?”

மறைப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மனம் அந்தத் தாயாரின் கடிதத்தில்தான் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. முன்பின் அறியாத மனிதர் எழுதினால் அது உங்கள் கையில் கிடைக்க வேண்டும், முன்பின் அறியாத இயந்திரம் எழுதினால் கிடைக்கக் கூடாது. இந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுதுகிறேன். கொழும்பில் சிறு வியாபாரங்களின் அஞ்சல் சேவையைப் பத்தொன்பது வருடமாகப் பராமரித்து வருகிறேன். உங்களுடையதைப் போன்ற தொழிலுக்கு இது மற்றவர்களைவிடக் கடினம். உங்களுக்கு வரும் நல்ல கடிதத்தை எண்ணிப் பாருங்கள்: முதல் தடவை எழுதுபவர், தெரியாத முகவரி, இரண்டு வரிச் செய்தி, அதோடு ஒரு புகைப்படமும் ஒரு கோப்பும். குப்பையைப் பிரித்து ஒதுக்கும் வடிகட்டி எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஆறு வருடம் வெளியில் இருந்த முகவரியை இனி மறைக்க முடியாது. இணையப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, @ குறி இருக்கும் இடத்தில் முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு போகும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அவை சேர்த்த பட்டியல்கள் விற்கப்படுகின்றன, பிரதி எடுக்கப்படுகின்றன, மறுபடி விற்கப்படுகின்றன. இன்று பக்கத்திலிருந்து முகவரியை எடுத்தாலும் அந்தப் பட்டியல்களிலிருந்து அதை எடுக்க யாராலும் முடியாது. பொதுவில் இருக்கும் முகவரியைப் பொறுக்கி எடுக்கும் பழக்கம் இணையத்தைவிடப் பழையது. 1978 மே மாதத்தில், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு ஏறத்தாழ 400 பேருக்கு விளம்பரம் அனுப்பியது. முதல் குப்பை அஞ்சல் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். அதற்கான முகவரிகள் வலையமைப்பின் பாவனையாளர்களுக்காக அச்சிட்டு வைத்திருந்த விபரக்கொத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

பக்கத்திலிருந்து எடுப்பது ஒரு வழி. ஊகித்து எழுதுவது இன்னொரு வழி. உங்கள் முகவரி ‘இன்ஃபோ’ என்று தொடங்குகிறது. அந்தச் சொல்லையும் ‘சேல்ஸ்’, ‘சப்போர்ட்’ போன்றவற்றையும் நிறுவனங்களின் பொது அஞ்சல் பெட்டிகளுக்குப் பெயராக வைக்கலாம் என்று 1997இலேயே இணைய வரையறை ஒன்று எழுதிவைத்தது. நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டதுதான். ஆனால் எந்தத் தளப்பெயரைக் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வருவதை) கண்டாலும் அதற்கு முன்னால் இந்தச் சொற்களை ஒட்டி அனுப்பிப் பார்ப்பது குப்பை அனுப்புபவர்களுக்கு மிகச் சுலபமாகிவிட்டது. எங்கும் வெளியிடாத ‘இன்ஃபோ’ முகவரிக்கும் குப்பை வரும். உங்களுக்கு எழுதிய ஒருவருடைய கணினியில் தீநிரல் புகுந்து, அவருடைய முகவரிப் புத்தகத்திலிருந்து உங்கள் முகவரியை எடுப்பது மூன்றாவது வழி. இதை உங்களால் தடுக்கவே முடியாது.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலை பூட்டை மாற்றுவதல்ல, வாசலை மாற்றுவது. புதிய பொது முகவரி ஒன்று உருவாக்குங்கள். ஊகிக்க முடியாத, அதே நேரம் தொலைபேசியில் ஒரு தடவை சொன்னால் வயதானவர் பிழையின்றி எழுதிக்கொள்ளக்கூடிய பெயராக இருக்கட்டும். இரண்டு சொற்களைச் சேர்த்தாலே போதும். இணையத்தளம், விளம்பரம், விசிட்டிங் கார்ட் எல்லாவற்றிலும் இனி அதுவே வர வேண்டும். பழைய முகவரியை மூடிவிடாதீர்கள். 2019இல் விளம்பரத்தை வெட்டி வைத்திருந்த ஒரு தகப்பனார் மகளின் படிப்பு முடிந்த பிறகு அடுத்த வருடம் எழுதக்கூடும். பழையதற்கு வருவது தனிப் பெட்டிக்குள் விழட்டும், வடிகட்டி அங்கே கடுமையாக இருக்கட்டும், ஒருவர் நாளுக்கு ஒரு தடவை அதைப் பார்க்கட்டும். தளப்பெயருக்கு வரும் எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளும் அமைப்பு உங்கள் அஞ்சலைக் கையாளும் வழங்கிக் கணினியில் திறந்திருந்தால் அதை மூடச் சொல்லுங்கள். பல சிறு நிறுவனங்களில் அது திறந்தே கிடக்கிறது, ஊகித்து அனுப்பும் குப்பை எல்லாம் அந்த வழியாகத்தான் கொட்டுகிறது.

ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறு முகவரி கொடுப்பது இன்னும் நல்லது. பல அஞ்சல் சேவைகளில் பெயருக்குப் பின்னால் + குறியும் ஒரு சொல்லும் சேர்த்தால் அதே பெட்டிக்கு வந்துவிடும். ஆனால் + குறியைப் பத்திரிகையில் போட்டால் வாசகர் குழம்புவார், சில இணையப் படிவங்கள் அந்தக் குறியை ஏற்பதும் இல்லை. அதனால் அதே பெட்டிக்கு வந்து சேரும் மாற்றுப்பெயர்களாகவே உருவாக்குங்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு இப்படி மூன்று பெயர் வைத்தேன்: இணையத்தளத்துக்கு ஒன்று, வர்த்தக விபரக்கொத்துக்கு ஒன்று, பத்திரிகைக்கு ஒன்று. இணையத்தளத்தில் போட்டதற்கு மூன்றாம் நாளே முதல் குப்பை வந்தது. பத்திரிகைக்குக் கொடுத்தது பல வாரம் அமைதியாக இருந்தது. பிறகு அந்தப் பத்திரிகையின் இலத்திரனியல் பதிப்பில் அதே விளம்பரம் எழுத்தாகவே ஏறியது, அந்த முகவரிக்கும் குப்பை வரத் தொடங்கியது. எந்த வாசலால் வருகிறது என்று தெரிந்தால், அந்த வாசலை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது, புதிய முகவரியைப் பக்கத்தில் எப்படிப் போடுவது. இங்கேதான் உறுதியானதும் ஐயத்துக்குரியதும் கலந்து கிடக்கின்றன. 2003இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக, வாஷிங்டனில் உள்ள ஜனநாயகத்துக்கும் தொழில்நுட்பத்துக்குமான மையம் இருநூறுக்கு மேற்பட்ட முகவரிகளை உருவாக்கி, வெவ்வேறு இடங்களில் போட்டு, ஆறு மாதம் கவனித்தது. குப்பையின் மிகப் பெரும் பங்கு பொது இணையப் பக்கங்களில் அப்படியே எழுதிய முகவரிகளுக்குத்தான் வந்தது. @ குறிக்குப் பதிலாகச் சொல்லை எழுதியோ, எழுத்துகளைக் குறியீட்டு எண்களாக மாற்றியோ வைத்த முகவரிகளுக்கு ஒன்றும் வரவில்லை. இந்த முடிவை இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அது இருபது வருடத்துக்கு முந்திய நிலைமை. உலாவியைப் போலவே பக்கத்தை முழுமையாக இயக்கிப் பார்க்கும் நிரல்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அதனால் குறியீட்டு எண் முறை, சிறு ஸ்கிரிப்ட் மூலம் முகவரியைத் திரையில் கூட்டிக் காட்டும் முறை ஆகியவற்றை நான் இன்றும் செய்கிறேன், ஆனால் குறையும் என்று மட்டுமே வாக்களிக்கிறேன். செலவில்லாத வேலை, சோம்பேறித்தனமாக எழுதிய நிரல்களை நிறுத்தும், அவ்வளவுதான்.

முகவரியைப் படமாகப் போடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். கண்பார்வை இல்லாதவரின் திரைவாசிப்பான் படத்தில் உள்ள எழுத்தைச் சரியாக வாசிக்கும் என்று நம்ப முடியாது. கைத்தொலைபேசியில் தொட்டவுடன் கடிதம் திறக்காது. சூரிச்சில் இரவு வேலை முடித்து வந்து மகளுக்காகத் தேடும் ஒருவர் படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டி, ஓர் எழுத்துப் பிழைத்தால் அந்தக் கடிதம் உங்களிடம் வராது.

தொடர்புப் படிவம் வைப்பது நல்ல தடுப்பு, முகவரி வெளியே தெரியவே தெரியாது. ஆனால் படிவத்தையும் இயந்திரங்கள் நிரப்பும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றுக் கட்டத்தைப் படிவத்துக்குள் மறைத்து வைத்து, அதையும் நிரப்பி வருவதை ஒதுக்கிவிடுவது எளிய வழி. மங்கலான எழுத்தை வாசித்துத் தட்டச்சொல்லும் சோதனைகளைவிட இதையே விரும்புகிறேன், ஏனென்றால் இது பெற்றோருக்கு எந்தத் தொல்லையும் கொடுப்பதில்லை. படிவத்துக்கு ஒரு குறை இருக்கிறது. அனுப்பியவரின் ‘அனுப்பியவை’ பெட்டியில் பிரதி நிற்காது. மகனுடைய குறிப்பையும் படத்தையும் கொடுத்த தாய்க்கு, தான் என்ன அனுப்பினேன், எப்போது அனுப்பினேன் என்பதற்குச் சான்று வேண்டும். அதனால் படிவமும் முகவரியும் இரண்டும் இருக்கட்டும் என்பது என் தீர்ப்பு.

இனி மிகுந்த பலன் தருவதும் பலர் செய்யாததுமான ஒன்று. முகவரியைத் தொட்டால் கடிதம் திறக்கும் சுட்டியில், பொருள் வரியையும் முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். அங்கே ‘குறிப்பு’ என்ற சொல்லோடு உங்களுக்கே உரிய ஒரு சொல்லை வையுங்கள். பத்திரிகை விளம்பரத்தில் “பொருள் வரியில் இன்ன சொல்லை எழுதவும்” என்று ஒரு வரி சேருங்கள். முகவரி திருடும் நிரல் பொதுவாக முகவரியை மட்டும் எடுக்கிறது, அந்தச் சொல்லை எடுப்பதில்லை. பிறகு வடிகட்டியில் ஒரு விதி: அந்தச் சொல் இருக்கும் கடிதம் ஒருபோதும் ஸ்பேம் பெட்டிக்குப் போகக் கூடாது. ஜிமெயிலில் இதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது.

பொருள் வரியை எழுத மறப்பவர்களுக்காக இரண்டாவது விதி. உங்கள் தொழிலின் சொற்கள் உங்களுக்குக் கிடைத்த வரம். கடன் தருகிறேன், பரிசு விழுந்திருக்கிறது, இணையத்தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதுபவன் நட்சத்திரம், இராசி, இலக்கினம், செவ்வாய் தோஷம் என்று எழுதுவதில்லை. இந்தச் சொற்களில் ஒன்று இருந்தாலே கடிதம் உள்ளே வரட்டும். விதி எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் பொருத்திப் பார்க்கிறது. ‘நட்சத்திரம்’ என்று கொடுத்தால் ‘நட்சத்திரத்தில்’ என்று எழுதியவரின் கடிதம் அந்த விதிக்குள் அகப்படாது. ஆகவே நட்சத்திரம், நட்சத்திரத்தில், நட்சத்திரத்தைச் சேர்ந்த என்று வடிவங்களைத் தனித்தனியே கொடுக்க வேண்டும். ராசி, இராசி இரண்டும் வேண்டும், ஜாதகம், சாதகம் இரண்டும் வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் இவற்றை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள், அந்த வடிவங்களையும் பழைய கடிதங்களைத் திறந்து பார்த்துப் பொறுக்கிச் சேருங்கள். ஒரு மாலை நேர வேலைதான்.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல கருத்து இருக்கிறது. பழைய வடிகட்டிகள் கெட்ட சொற்களின் பட்டியலை வைத்தே வேலை செய்தன. 2002இல் போல் கிரஹாம் என்ற நிரலாளர், ஒருவருக்கு வரும் நல்ல கடிதங்களின் சொற்களையும் குப்பையின் சொற்களையும் தனித்தனியே எண்ணி நிகழ்தகவு பார்க்கும் முறையை விளக்கி எழுதிய பிறகு அந்த வழி பரவலானது. குப்பையில் என்ன இருக்கிறது என்பதைவிட உங்கள் நல்ல கடிதத்தில் மட்டும் என்ன இருக்கிறது என்பது வலுவான சாட்சி. அதனால்தான் ‘ஸ்பேம் அல்ல’ என்ற பொத்தானை அழுத்துவதில் சலிக்காதீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். பெரிய சேவைகளின் வடிகட்டி உள்ளே எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பதை அந்த நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. இருந்தாலும் தொடர்ந்து திருத்திய பெட்டிகள் மேம்படுவதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

எந்த விதியிலும் ‘அழித்துவிடு’ என்பதைத் தெரிவு செய்யாதீர்கள். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் ஒருவருக்கு, தெரியாதவரிடமிருந்து சுருக்கிய கோப்போடு வரும் அஞ்சல்களை நேரே அழிக்கும் விதி ஒன்றை நான்தான் எழுதிக் கொடுத்தேன். குப்பை ஒரே நாளில் பாதியாகக் குறைந்தது, அவரும் மகிழ்ந்தார். இரண்டு மாதம் கழித்து, தூத்துக்குடியிலிருந்து சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் புதிய முகவரியிலிருந்து கப்பல் ஆவணங்களைச் சுருக்கி அனுப்பினார். அது வந்ததற்கான தடயம்கூட இவரிடம் இல்லை. கொள்கலன் துறைமுகத்தில் நிற்க, தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. கடையின் பின்னறையில் அவர் பற்றுச்சீட்டை மேசையில் வைத்து, விரலால் அந்தத் தொகையைத் தொட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருந்தார். அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு விதியும் ‘ஒதுக்கி வை’ என்றுதான் முடிகிறது. உங்கள் தொழிலில் தொலையும் ஒரு கடிதத்துக்குத் தாமதக் கட்டணம் என்று ஒரு தொகையை எழுதவும் முடியாது.

செய்யக் கூடாதவை இன்னும் சில இருக்கின்றன. ஒவ்வொரு குப்பை அனுப்புநரையும் தனித்தனியே தடை செய்வதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய்யானது, நாளை வேறொன்றில் வரும். நாடு பார்த்துத் தடுப்பது உங்களுக்கு ஆகாது, உங்கள் வாடிக்கையாளர் கனடாவிலும் ஜேர்மனியிலும் அவுஸ்திரேலியாவிலும்தானே இருக்கிறார்கள். “நீங்கள் மனிதர் என்று உறுதிப்படுத்துங்கள்” என்று பதில் அனுப்பிக் காத்திருக்கும் முறையையும் வைக்காதீர்கள். அந்தப் பதில் பெயர் திருடப்பட்ட அப்பாவிகளுக்குப் போகும், அதைப் புரிந்துகொள்ளாத பெற்றோர் கடிதத்தைக் கைவிட்டுவிடுவார்கள். நீங்களே பதிந்த நிறுவனத்தின் செய்திமடலில் விலகல் சுட்டியை அழுத்தலாம். யாரென்றே தெரியாதவன் அனுப்பியதில் அழுத்தினால், இந்தப் பெட்டியை ஒரு மனிதர் வாசிக்கிறார் என்று அவனுக்கு அறிவித்ததாகிவிடும். வெளிப் படங்கள் தானாகத் திறப்பதையும் அதே காரணத்துக்காக நிறுத்திவையுங்கள்.

எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்றையும் வைத்தால் குப்பை நின்றுவிடும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். நிற்காது. அவை உங்கள் பெயரில் மற்றவன் அஞ்சல் அனுப்புவதைத் தடுப்பதற்கானவை, உங்கள் பெட்டிக்கு வருவதைக் குறைப்பது அவற்றின் முதல் வேலையல்ல. ஆனாலும் வையுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களிடம் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் வேண்டும், உங்களைப் போன்ற சிறியவருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் எழுதும் பதில் அந்தத் தாயாருடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழும், நீங்கள் பதிலே எழுதவில்லை என்று அவர் நினைப்பார்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நூற்றைம்பதில் நூற்று நாற்பத்தைந்து வெறும் தொல்லைதான். மீதி ஐந்தும் உங்களையே குறிவைத்து வரலாம். ‘மணமகன் விபரம்’ என்று பெயரிட்ட கோப்பைத் திறந்ததும் “உள்ளடக்கத்தைச் செயற்படுத்துக” என்று கேட்டால் அனுமதிக்காதீர்கள். உங்கள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இன்றே போடுங்கள். உங்கள் பெட்டிக்குள் இருப்பவை மற்றவர்களின் பிறந்த திகதி, நேரம், இடம், தொலைபேசி இலக்கம், சில வேளை கடவுச்சீட்டுப் பிரதி. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மதம், உடல்நலம் போன்ற விபரங்களைச் சிறப்பு வகையாகக் கருதுகிறது. திருமண சேவைக்கு வரும் விபரங்களில் இவை இல்லாத கடிதம் அரிது. முடிந்துபோன வரன்களின் கோப்புகளை ஆறு வருடமாகப் பெட்டியிலேயே கிடக்கவிடாதீர்கள்.

இவ்வளவும் செய்தால் புதிய முகவரிக்கு முதல் வருடத்தில் நாளுக்கு ஒரு கைப்பிடி அளவுக் குப்பை வரலாம், பிறகு மெல்லக் கூடும். முற்றாக நிற்காது. இரண்டு வருடத்தில் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னவர் பில் கேட்ஸ். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை பொது முகவரியை மறுபடி மாற்ற வேண்டி வரும் என்று இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விதிகள் அப்படியே இருக்கும், வாசல் மட்டும் மாறும்.

இதில் எதைத் தொடங்குவதற்கும் முன்னால், இன்றிரவே ஒன்று செய்யுங்கள். ஜிமெயில் ஸ்பேம் பெட்டியில் கிடப்பவற்றை 30 நாளில் தானாகவே அழித்துவிடும். பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் ஸ்பேம் பகுதியைத் தெரிவுசெய்து, நட்சத்திரம், இராசி, சாதகம், குறிப்பு என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பாருங்கள். அந்தத் தாயார் தொலைபேசியில் அழைத்தார். அழைக்காமல் இன்னும் காத்திருப்பவரின் கடிதம் இருபத்தொன்பதாம் நாளில் அங்கே கிடக்கலாம்.